சிறுவர்க்குத் துப்பறியும் கதை



துப்பறியும் கதை என்றவுடன் முகத்தைச் சுளிக்கும் பெரியோர் இன்றும் இருக்கிறார்கள். பாடப் புத்தகத்துக்குள் மறைத்து வைத்துப் படிக்கப்படும் நூல் என்று அதற்கு ஒரு பெயர் ஏற்பட்டுவிட்டது. கொலை, கொள்ளை, கைத்துப்பாக்கி, இருட்டறை ஆகியவை இல்லாமல் அது நடவாது என்று அவர்கள் எண்ணுகிறார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியனாகவும் தலைமை ஆசிரியனாகவும் இருந்த ஒருவன் அந்தக் கதைக்காகப் பரிந்து பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். எட்டு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் இடைப்பட்ட சிறுவர்களுக்கென்று எழுதப்படும் மென்மையான துப்பறியும் கதை ஒன்று உண்டு. அதில் பிணம் விழுவதில்லை, இரத்தம் சிந்துவதில்லை. ஒரு பொருள் காணாமற்போகும்; அல்லது இருக்கத் தகாத இடத்தில் ஒரு பொருள் இருக்கும். அதன் காரணத்தைச் சிறுவர்களே ஆராய்ந்து காண்பார்கள். அத்தகைய கதையை எழுதுவது எப்படி என்பதைப் பற்றிச் சில எண்ணங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

'துப்பு' என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் வலிமை, பவளம், உணவு என்றெல்லாம் பொருள் உண்டு. இன்று அது குற்றத்தின் தடயத்தைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. தமிழாசிரியர்கள் வருந்தலாம். எனக்கு வருத்தமில்லை, வலிமை என்னும் பழைய பொருளும் அதற்குள் சற்று ஒளிந்திருப்பதாகவே நான் எண்ணிக்கொள்வதுண்டு.

இக்கதை வகை மேல்நாட்டிலிருந்து வந்தது என்பார்கள். அமெரிக்க எழுத்தாளர் எட்கார் ஆலன் போ 1841ஆம் ஆண்டில் வெளியிட்ட கதையொன்றையே அதன் தொடக்கமாகக் கொள்வது வழக்கம். அச்சில் வந்த கதையைப் பொறுத்தவரை அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்கு நெடுங்காலம் முன்பே நம் நாட்டில் வழங்கிய ஒட்டகக் கதையை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். நான்கு இளைஞர்கள் ஒரு வழியே செல்கிறார்கள். ஒட்டகத்தைத் தொலைத்த வணிகன் ஒருவன் எதிரே வருகிறான். "உன் ஒட்டகத்துக்கு ஒரு கால் நொண்டியா?" என்கிறான் முதல் இளைஞன். "ஒரு கண் குருடா?" என்கிறான் அடுத்தவன். "வால் குட்டையா?" என்கிறான் மூன்றாமவன். "வயிற்றுவலி உண்டா?" என்கிறான் நான்காமவன். நான்கும் உண்மை. ஆனால் ஒட்டகத்தைப் பார்க்கவே இல்லை என்று நால்வரும் சாதிக்கிறார்கள். வணிகன் என்ன நினைப்பான்? திருடர்கள் இவர்களே என்று அரசனிடம் முறையிடுகிறான்.

அரசன், "பார்க்காத ஒட்டகத்தைப் பற்றி உங்களுக்கு எப்படித் தெரிந்தது?" என்று கேட்கிறான். மூன்று கால்களின் சுவடு மட்டுமே அழுத்தமாகப் பதிந்திருந்தது, ஆகவே நொண்டி. வழியின் ஒரு பக்கத்துத் தழை மட்டுமே கடிக்கப்பட்டிருந்தது. ஆகவே ஒரு கண் குருடு. கொசு கடித்த இடத்திலிருந்து இரத்தத் துளிகள் வழியெல்லாம் விழுந்திருந்தன. வால் நீளமாக இருந்தால் விரட்டியிருக்கும். முன்னங்கால் ஆழமாகவும் பின்னங்கால் மேலோட்டமாகவும் பதிந்திருந்தன. வயிற்றுவலியால் பின்னுடலை ஒடுக்கி நடந்திருக்கிறது. பிரெஞ்சு அறிஞர் வால்தேர் 1747ஆம் ஆண்டில் எழுதிய 'ஜாடிக்' என்னும் நூலிலும் இதற்கு இணையான நிகழ்ச்சி வருகிறது. அங்கே காணாமற்போனவை அரசியின் நாயும் அரசனின் குதிரையும்.

பத்து வயதுச் சிறுவனுக்கு ஏற்ற துப்பறியும் கதை இதுவே என்பேன். இதில் வரும் தடயங்கள் யாவும் அவனும் காணக்கூடியவை. கடித்த தழையைக் காணப் பூதக்கண்ணாடி வேண்டியதில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். உற்று நோக்கிய நால்வரே ஐயத்துக்கு உள்ளானார்கள். 'எப்படித் தெரிந்தது?' என்று கேட்கும் பொறுமை அரசனுக்கு இருந்ததனால் பிழைத்தார்கள். இந்தப் பொறுமையைப் பற்றிப் பின்னர் மீண்டும் பேச வேண்டியிருக்கும்.

சிறுவர் துப்பறியும் கதைகளுள் எனக்கு மிகவும் விருப்பமானது ஜெர்மானிய எழுத்தாளர் எரிக் கேஸ்ட்னர் 1929ஆம் ஆண்டில் வெளியிட்ட 'எமிலும் துப்பறிவாளர்களும்' என்பது. எமில் தந்தையை இழந்த சிறுவன். தாய் வீட்டிலேயே பிறர்க்குத் தலை கழுவி, முடி திருத்திப் பிழைப்பு நடத்துகிறாள். பெர்லினில் இருக்கும் பாட்டிக்குக் கொடுக்க வேண்டிய 120 மார்க்கும் தன் செலவுக்கு 20 மார்க்கும் எடுத்துக்கொண்டு எமில் தனியாக இரயிலேறுகிறான். பணம் தொலைந்துவிடக் கூடாதே என்று உறையோடு சேர்த்துச் சட்டையின் உட்புறத்தில் குண்டூசியால் குத்திக்கொள்கிறான். வண்டியில் உறங்கிவிடுகிறான், விழித்தபோது பணமும் இல்லை, எதிரே இருந்த மனிதனும் இல்லை. பெர்லின் நகரத்துச் சிறுவர்கள் கூடி அந்த மனிதனைத் தொடர்கிறார்கள். முடிவில் ஒரு வங்கியில் அவன் பிடிபடும்போது, "இந்தப் பணம் உன்னுடையது என்பதற்கு என்ன சான்று?" என்னும் கேள்வி எழுகிறது. நோட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார்கள். குண்டூசி குத்திய துளைகள் தெரிகின்றன.

அந்தக் குண்டூசியை எண்ணி எண்ணி நான் மகிழ்ந்திருக்கிறேன். கதையின் தொடக்கத்தில் அது ஓர் ஏழைப் பிள்ளையின் எச்சரிக்கையைக் காட்டுவதற்காக மட்டுமே வந்தது போலத் தோன்றுகிறது. படிப்பவன் அதைக் கண்டான். ஆனால் தடயம் என்று கருதவில்லை. இறுதியில் துளை தெரிந்தபோது, 'இதை முன்பே எனக்குச் சொன்னார்களே!' என்று அவன் துள்ளுகிறான். எழுத்தாளர் அவனை ஏமாற்றவில்லை. அந்த 140 மார்க் செல்வருக்குச் சிறு தொகை. எத்தனையோ தலைகளைக் கழுவிய தாயின் கைக்கு அது பெருந்தொகை. ஆகையால்தான் அது தொலைந்தபோது நமக்கு நெஞ்சு பதைக்கிறது. வைர மாலை தொலைந்த கதையில் சிறுவனுக்கு என்ன பதைப்பு இருக்கும்? அவன் வைர மாலையைக் கண்டதில்லை.

நானும் என் பள்ளியின் கையெழுத்துப் பத்திரிகைக்காக இத்தகைய கதைகள் சில எழுதியதுண்டு. அவற்றுள் ஒன்றை எடுத்துக்கொண்டு, உள்ளே எப்படி முடிச்சுப் போடப்பட்டது என்பதைக் காட்டுகிறேன். பிறர் கதையைப் பிரித்துக் காட்டுவதைவிடத் தன் கதையைப் பிரிப்பது எளிது. யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

கதையின் களம் காவிரிப் பாசனப் பகுதியில் ஒரு சிற்றூர்ப் பள்ளி. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளித் தோட்டத்தில் காய்கறி பயிரிடுகிறார்கள். அங்கே பெரிய பூசணிக்காய் ஒன்று காய்த்திருக்கிறது. பங்குனி மாதத்தில் நடக்கும் ஆண்டு விழாவன்று அதைச் சமைத்து எல்லோரும் உண்பதாக ஏற்பாடு. திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தால் காயைக் காணவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது பற்றிய பழமொழி ஒன்று உண்டே, அதை வைத்துக்கொண்டு கதையில் சற்று நகையும் செய்யலாம் என்பதற்காகவே அந்தக் காயைத் தேர்ந்தெடுத்தேன்.

துப்பறிபவர்கள் கண்ணன், சாந்தி என்னும் இருவர். அவர்கள் பாத்தியில் காண்பவை இவை. காம்பு அரிவாளால் சீராக அறுக்கப்பட்டிருக்கிறது. அறுத்த முனையில் சாம்பல் தடவியிருக்கிறது. காய்க்கு அடியில் பரப்பியிருந்த வைக்கோலையும் காணவில்லை. ஞாயிற்றுக்கிழமை பள்ளி விடுமுறை. ஆயினும் பாத்தி ஈரமாக இருக்கிறது. பாத்தியின் ஓரத்தில் ஆட்டுப் புழுக்கை கிடக்கிறது.

அந்த வகுப்பில் முருகேசன் என்று ஒரு புதிய மாணவன். அவன் தந்தை கீதாரி. கோடையில் இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கங்களிலிருந்து ஆட்டு மந்தைகளை ஓட்டிக்கொண்டு வந்து, அறுவடை முடிந்த வயல்களில் எருவுக்காகக் கிடை போடுவார்களே, அவர்களுள் ஒருவர். அவன் பள்ளியில் சேர்ந்து ஒரு மாதந்தான் ஆகிறது. புழுக்கையைக் கண்டவுடன் வகுப்பே அவன் பக்கம் திரும்புகிறது. கண்ணன் எல்லோர்க்கும் முன்னால் அவன் புத்தகப் பையை வாங்கிக் கவிழ்க்கிறான். பூசணிக்காய் புத்தகப் பைக்குள் அடங்குமா என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

இந்த இடத்தில் கதையை நிறுத்தி, வகுப்புப் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்து, "எடுத்தவர் யார் என்று எழுதுங்கள்" என்றேன். பெரும்பாலான சீட்டுகளில் முருகேசன் பெயரே இருந்தது. காரணமும் எழுதச் சொல்லியிருந்தேன். 'ஆட்டுப் புழுக்கை' என்று சிலர் எழுதியிருந்தார்கள். அதுவாவது ஒரு தடயம். 'அவன் வெளியூர்' என்று எழுதியவர்களே மிகுதி. ஒரே ஒரு சிறுமி மட்டும் பெயர் எழுதாமல் ஒரு கேள்வியை எழுதியிருந்தாள்: "திருடியவர் கொடிக்குத் தண்ணீர் ஊற்றுவாரா?"

அந்தக் கேள்வியில் கதை முழுவதும் அடங்கியிருக்கிறது. காயைத் திருடுபவனுக்குக் கொடியைப் பற்றிக் கவலையில்லை. வைக்கோலையும் சேர்த்து எடுத்துச் சென்றவர் காய் அடிபட்டுவிடக் கூடாதே என்று எண்ணியவர். சாம்பல் தடவியவர் கொடி அழுகிவிடக் கூடாதே என்று அஞ்சியவர். அப்படியானால் தேட வேண்டியவர் பூசணிக்காயின் பகைவர் அல்லர், நண்பர். கதையின் முதற் பகுதியில், பிள்ளைகள் விதை கொண்டுவந்த நாளைச் சொல்லியிருந்தேன். ஒருவன் கடையில் விற்கும் பொட்டலத்தில் வெள்ளரி விதை கொண்டுவந்தான். அமுதா என்னும் சிறுமி தன் பாட்டி சாம்பலில் புரட்டித் துணியில் முடிந்து வைத்திருந்த பூசணி விதையைக் கொண்டுவந்தாள். சாந்தி மாமன் வீட்டு வெண்டை விதையைக் கொண்டுவந்தாள். மூன்று பேரில் அமுதாவை நடுவில் வைத்ததற்குக் காரணம் உண்டு. முதலில் சொன்னதும் கடைசியில் சொன்னதும் மனத்தில் நிற்கும். நடுவில் சொன்னது சற்று மங்கும். மங்கலாம், ஆனால் சொல்லாமல் விட்டுவிடக் கூடாது. சாம்பலைப் பற்றி இறுதியில் புதிதாகச் சொல்லியிருந்தால், அந்தப் பிள்ளைகள் என் மீது வழக்குத் தொடுத்திருப்பார்கள்!

பாட்டி இறந்துவிட்டாள். அது அவள் கொடுத்த கடைசி விதை. விழாவில் காயை நறுக்கும்போது குடலையும் விதையையும் குப்பையில் எறிந்துவிடுவார்கள் என்று அமுதா அஞ்சினாள். கேட்கத் துணியாமல் அறுத்துக்கொண்டுபோய் வீட்டு நெற்குதிரில் ஒளித்து வைத்தாள். புழுக்கை எப்படி வந்தது என்கிறீர்களா? கொடிக்கு எரு வேண்டும் என்று அமுதா சொன்னதைக் கேட்டு, முருகேசன்தான் வெள்ளிக்கிழமையன்று ஒரு கூடை கொண்டுவந்து போட்டிருந்தான். அவன் கொடுத்ததே அவனைக் காட்டிக்கொடுப்பதாகிவிட்டது.

இப்போது ஐயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிறுவர் துப்பறியும் கதையில் மிகவும் பொறுப்போடு கையாள வேண்டிய பகுதி இதுவே என்பது என் முடிவு. துப்பறியும் கதையில் ஐயப்படத்தக்கவர் சிலர் வேண்டும். யார் யாரை அந்த வரிசையில் நிறுத்துகிறோம்? வேலைக்காரர், நாடோடி, பழைய சாமான் வாங்குபவர், வெளியூரார், மாற்றுத்திறனாளி. கதைக்குக் கதை இவர்களே நிற்பார்களானால், படிக்கும் பிள்ளை உற்று நோக்கக் கற்காது. யாரை உற்று நோக்க வேண்டும் என்பதை மட்டும் கற்றுக்கொள்ளும். அமெரிக்காவில் 1930ஆம் ஆண்டில் தொடங்கிய 'நான்சி ட்ரூ' வரிசை நூல்களைப் பதிப்பாளர்கள் 1959ஆம் ஆண்டு முதல் திருத்தி எழுதச் செய்தார்கள். பிற இனத்தாரை இழிவாகக் காட்டிய பகுதிகளை நீக்குவது அதற்கு ஒரு காரணம்.

இங்கிலாந்தில் எனிட் பிளைட்டன் மீதும் இத்தகைய குறைகள் சொல்லப்பட்டன. ஆயினும் 1943ஆம் ஆண்டில் அவர் எழுதிய 'எரிந்த குடிசையின் மர்மம்' என்னும் கதையை நான் மாணவர்க்குப் பரிந்துரைப்பேன். ஒருவருடைய குடிசை எரிகிறது. ஊர் சுற்றித் திரியும் கிழவன், வேலையிலிருந்து விலக்கப்பட்ட பணியாள் முதலியோர் மீது ஐயம் போகிறது. எரித்தவரோ குடிசைக்கு உரியவரே. காப்பீட்டுப் பணத்துக்காகச் செய்தது. தாம் அன்று மாலை ஊரில் இல்லை என்று சொன்னவர், ஊருக்கு மேலே பறந்து சென்ற விமானங்களைத் தாம் கண்டதாக வாய்தவறிச் சொல்லிவிடுகிறார். ஊரில் இல்லாதவர் எப்படிக் கண்டார்? ஏழைகள் மீது ஐயத்தை ஏற்றி, அதைச் சிறுவர் கையாலேயே இறக்கிவைக்கிறது அந்தக் கதை.

தமிழ் மாணவர்க்கு இதை விளக்க இங்கிலாந்துக்குப் போக வேண்டியதுமில்லை. சிலப்பதிகாரத்தில் மதுரைக்குப் புதிதாக வந்த ஒருவன் கையில் ஒற்றைச் சிலம்பு இருக்கிறது. அரண்மனையில் ஒரு சிலம்பு காணவில்லை. பொற்கொல்லன் சொல்லே சான்றாகிவிடுகிறது. அரசியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். அந்தத் தடயம் கோவலன் உயிரோடிருந்தபோதே சிலம்புக்குள் இருந்தது. உடைத்துப் பார்க்க ஒரு நொடி போதும். ஒட்டகக் கதையின் அரசனுக்கு இருந்த அந்த ஒரு நொடிப் பொறுமை பாண்டியனுக்கு அன்று இல்லாமற்போயிற்று.

யார் செய்தார் என்பதோடு, ஏன் செய்தார் என்பதும் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு மிகவும் வேண்டியது. ஆசிரியப் பயிற்சி பெற்றவர்கள் சுவிட்சர்லாந்து நாட்டு உளநூல் அறிஞர் ழான் பியாஜேயை அறிவார்கள். குழந்தைகளின் ஒழுக்கத் தீர்ப்பைப் பற்றி 1932ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஆய்வில் ஒரு கேள்வி வருகிறது. ஒருவன் கதவைத் திறக்கும்போது, பின்னால் இருப்பது தெரியாமல் 15 கோப்பைகளை உடைத்துவிடுகிறான். இன்னொருவன் திருட்டுத்தனமாக இனிப்பு எடுக்கப் போய் ஒரே ஒரு கோப்பையை உடைக்கிறான். யார் குற்றம் பெரிது? சிறு குழந்தைகள் பலர் 15 கோப்பையே பெரிது என்றார்கள். சற்று வளர்ந்த பிள்ளைகள் எண்ணத்தைப் பார்த்தார்கள். கோப்பையை எண்ணுவதிலிருந்து எண்ணத்தை எண்ணுவதற்குப் பிள்ளைகள் மாறும் பருவத்தில்தான் நம் கதையும் அவர்கள் கைக்குப் போகிறது. வங்காளத்தில் சத்தியஜித் ராய் 'சந்தேஷ்' என்னும் சிறுவர் இதழில் 1965ஆம் ஆண்டில் தொடங்கிய ஃபெலுதா வரிசையின் முதற் கதையிலும், அச்சுறுத்தும் கடிதத்துக்குப் பின்னால் இருப்பது பேராசையன்று. பள்ளிப் பருவத்திலிருந்தே மனத்தில் கிடந்த ஒரு பழைய காயம்.

என் கதையில் அமுதாவைக் கண்டுபிடித்தாயிற்று. காயை நறுக்கி, விதையை எடுத்து, எல்லோரும் உண்டு மகிழ்ந்தார்கள் என்று முடித்துவிடலாம். பெரும்பாலான கதைகள் அங்கே முடிந்துவிடுகின்றன. ஆனால் கவிழ்க்கப்பட்ட பை ஒன்று இருக்கிறதே! மேற்கொண்டு எழுதுவதற்கு முன், "முருகேசன் என்ன செய்வான்?" என்று வகுப்பில் கேட்டேன். சிலர், "மன்னித்துவிடுவான்" என்றார்கள். ஆசிரியர் விரும்பும் விடை எது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவன் மட்டும், "அவன் நாளைக்குப் பள்ளிக்கூடம் வரமாட்டான், ஐயா" என்றான்.

அவன் சொன்னபடியே எழுதினேன். முருகேசன் வரவில்லை. கண்ணனும் சாந்தியும் வெயிலில் வயல்களைக் கடந்து கிடைக்குப் போகிறார்கள். நாய்கள் குரைக்கின்றன. கீதாரி அவர்களை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுக்கிறார். எதற்கு வந்தீர்கள் என்று கேட்கவில்லை. கண்ணன் ஒருவாறு விஷயத்தைச் சொல்லி முடிக்கிறான். மறுநாள் முருகேசன் பள்ளிக்கு வருகிறான். வகுப்பறை வாயிலில், யாரும் கேளாமலே, தன் பையைத் திறந்து காட்டிவிட்டு உள்ளே போகிறான். கண்ணனுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அந்தப் பகுதியை நான் படித்தபோது வகுப்பில் யாரும் அசையவில்லை. மென்மையான கதை என்றால் வலியே இல்லாத கதை என்று பொருள் கொள்ள வேண்டாம்.

மாணவ நண்பர்களே, நீங்களும் எழுதிப் பாருங்கள். கல்லூரி மாணவர்களுக்கு வீட்டில் தம்பி தங்கையர் இருப்பார்கள். அவர்களைவிடக் கண்டிப்பான வாசகர் கிடைக்கமாட்டார். முடிவைத் தீர்மானித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். நடந்தது இன்னது என்று தெரியாமல் தடயத்தை எங்கே போடுவது? தற்செயலாக ஒருவர் வந்து உண்மையைச் சொல்லிவிடுவதாக எழுதாதீர்கள். பெரியவர்கள் கதைக்குள் இருக்கலாம். முடிச்சை அவர்கள் அவிழ்க்கக் கூடாது. இக்காலத்தில் கைப்பேசியும் கண்காணிப்புக் கேமராவும் துப்பறியும் எழுத்தாளனுக்குப் பெரும் பகையாக வந்திருக்கின்றன. அவை எட்டாத இடங்களும் இன்னும் உண்டு: வயல், தோட்டம், பாட்டி வீட்டுப் பரண், மின்சாரம் நின்றுபோன ஒரு மாலை நேரம். அச்சம் சிறிது இருக்கட்டும். ஆனால் படிக்கும் பிள்ளை விளக்கணைத்துப் படுக்கும் முன் அது தெளிந்துவிட வேண்டும். அதற்கு ஏற்றபடி பகுதிகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

எழுதி முடித்ததும் அச்சுக்கு அனுப்பிவிடாமல் நாலு பிள்ளைகளைக் கூட்டி வாய்விட்டுப் படியுங்கள். அவர்கள் தண்ணீர் குடிக்க எழுந்து போகும் இடத்தில் ஓரத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அங்கே கதை தளர்ந்திருக்கிறது. "நிறுத்துங்கள், நான் சொல்கிறேன்!" என்று ஒரு பிள்ளை கத்தினால், நிறுத்திவிட்டு அது சொல்வதைக் கேளுங்கள். சில வேளைகளில் அது சொல்லும் முடிவு நீங்கள் எழுதி வைத்திருப்பதைவிட நன்றாக இருக்கும்.